"அடுத்த வண்டி எப்போ?": ஒரு தண்டவாளம் புறநகர் ரயிலாக மாறும் கதை

சில வருடங்களுக்கு முன்பு ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். தி.நகரில் துணி எடுக்க வேண்டும் என்றார். கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்து கிளம்பும்போது, "எத்தனை மணிக்குடா வண்டி?" என்று கேட்டார். "ஸ்டேஷனுக்குப் போனா வரும் அத்தை" என்றேன். அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. மணி தெரியாமல் யாராவது ரயிலுக்குக் கிளம்புவார்களா?

அவர் ஊரில் ஒரு நாளைக்கு நாலைந்து வண்டி. அதனால் "எத்தனை மணிக்கு" என்பதுதான் கேள்வி. சென்னைக்காரன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு "அடுத்த வண்டி எப்போ?" என்று கேட்கிறான். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. முதல் கேள்வி கேட்கிறவர் வண்டியின் நேரத்துக்குத் தன் நாளைத் திருத்திக்கொள்கிறார். இரண்டாவது கேள்வி கேட்கிறவர் தன் நாளுக்கு நடுவே வண்டியைப் பிடித்துக்கொள்கிறார். முதலாவது வெறும் ரயில், இரண்டாவது புறநகர் ரயில். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு ஊர் எப்படிப் போகிறது என்பதைச் சென்னையை வைத்தே பார்க்கலாம்.

புறநகர் ரயில் என்று சொல்வது எதை? மெட்ரோ பெரும்பாலும் நகருக்குள்ளேயே ஓடும், அதற்கென்று தனிப் பாதை போட்டிருப்பார்கள். எக்ஸ்பிரஸ் ஊர்விட்டு ஊர் போகும். நடுவில் இருப்பது புறநகர் ரயில். முப்பது, நாற்பது, எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்கள் காலையில் நகருக்கு வந்து சாயங்காலம் வீடு திரும்ப ஓடும் வண்டி அது. சென்னையில் தெற்கே கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை சுமார் 60 கி.மீ., மேற்கே சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் வரை ஏறக்குறைய 70 கி.மீ., வடக்கே கும்மிடிப்பூண்டியும் தாண்டி ஆந்திராவின் சூலூர்ப்பேட்டை வரை என்று மூன்று கைகள். நகருக்குள் வேளச்சேரி வரை போகும் பறக்கும் ரயில் தனி. பேச்சில் எல்லாமே "எலக்ட்ரிக் ட்ரெயின்"தான். எக்ஸ்பிரஸ்ஸும் இப்போது மின்சாரத்தில்தான் ஓடுகிறது, ஆனாலும் அந்தப் பெயர் இந்த வண்டிக்கு மட்டுமே ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் இருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. தெற்கே தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் போகும் பாதையும் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். ஆக, தண்டவாளம் இருந்தது, ஸ்டேஷன்கள் இருந்தன, வண்டியும் ஓடியது. ஆனாலும் நான் மேலே சொன்ன அர்த்தத்தில் அது புறநகர் ரயிலாக இல்லை. குறுக்கே நின்றது நீராவி இன்ஜின்.

நீராவி இன்ஜினுக்கு ஓடத் தெரியும், நின்று நின்று ஓடத்தான் வராது. ஒவ்வொரு முறை நின்றபின்பும் வேகம் எடுக்க நேரம் பிடிக்கும். கடைசி ஸ்டேஷனுக்குப் போனால் இன்ஜினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்ட வேண்டும். நாளைக்கு நாலு நடை என்றால் பரவாயில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால், இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையிலேயே பிளாட்பாரம் அடைபட்டுப்போகும்.

சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி கடற்கரை–தாம்பரம் பாதைக்கு மின்கம்பி இழுத்து, 1931 மே 11 முதல் மின்சார வண்டிகளை விட்டது. இந்தியாவிலேயே முதல் மின்சார ரயில் அதற்கு ஆறு வருடம் முன்பு, 1925இல், பம்பாயில் ஓடியது. மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரப் புறநகர் வண்டி என்பது சென்னையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இந்த வண்டியில் இன்ஜின் என்று தனியாக ஒன்று கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே, ரயிலின் நீளம் முழுக்க அங்கங்கே இருக்கின்றன. ஒரு ஆள் முன்னால் நின்று மொத்தச் சுமையையும் இழுப்பதற்கும், பல்லக்குத் தூக்குவதுபோலப் பலபேர் தோள் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒரே இன்ஜின் முழு பலத்தோடு இழுத்தால் அதன் சக்கரங்கள் தண்டவாளத்தில் வழுக்கும். பல பெட்டிகளின் சக்கரங்கள் சேர்ந்து தள்ளும்போது வழுக்காது, வண்டி சட்டென்று வேகம் பிடிக்கும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடற்கரைக்கு வந்த வண்டி திரும்பிப் போக வேண்டுமானால் ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்குப் போய் ஏறிக்கொண்டால் போதும்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 30 கி.மீ. இரண்டையும் சேர்த்து இப்போது 18 ஸ்டேஷன்கள், நடுவில் 16 நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை நிமிடம் மிச்சமானால் மொத்தம் எட்டு நிமிடம் மிச்சம். பயணிக்கு எட்டு நிமிடம் பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம். ஆனால் போகும்போது எட்டு, வரும்போது எட்டு என்று மிச்சம் பிடித்தால், அதே வண்டி ஒரு நாளில் கூடுதலாக நடை அடிக்கும். புதிதாக ஒரு வண்டிகூட வாங்காமல் சேவை கூடிவிடும்.

வண்டி அடிக்கடி வந்ததும் ஊர் அதன் பின்னால் வந்தது. மாம்பலம் ஏரியை மேடாக்கி 1920களில் தி.நகர் உருவானது. சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம் எல்லாம் தனித்தனி ஊர்கள். மின்சார வண்டி இவற்றை ஒரே கயிற்றில் கட்டிய பிறகு, நடுவில் இருந்த வயலும் ஏரிக்கரையும் மெல்ல மெல்ல மனைகளாயின. "ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்" என்று வீட்டுமனை விளம்பரம் போடும் பழக்கம் இன்றுவரை போகவில்லை. அந்த "நடக்கும் தூரம்" யாருடைய கால்களுக்கு என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, மின்சாரம் வந்துவிட்டது. வண்டிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதானே? அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. இதைப் புரிந்துகொண்டால் புறநகர் ரயிலைப் பற்றி பாதிக்கு மேல் புரிந்த மாதிரி.

ஒரே பாதையில் லோக்கலும் எக்ஸ்பிரஸ்ஸும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. தூரத்தை எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் லோக்கல் 55 நிமிடத்தில் கடக்கிறது. எங்கேயும் நிற்காமல் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ்ஸுக்கு அதே தூரம் 18 நிமிடம். ரயிலில் முந்திச் செல்வது என்பது கிடையாது. ஆகவே லோக்கல் கிளம்பி 37 நிமிடம் கழித்துத்தான் எக்ஸ்பிரஸ்ஸை விட முடியும். இல்லாவிட்டால் நடுவழியில் லோக்கலின் முதுகில் வந்து முட்டி நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு லோக்கல் என்று போட்டிருந்தால், ஒரே ஒரு எக்ஸ்பிரஸ்ஸுக்காக மூன்று லோக்கல்கள் காணாமல் போகும். இன்னொரு வழி, லோக்கலை ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஓரம் கட்டி நிறுத்துவது. உள்ளே நிற்கிறவர்கள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே பாண்டியன் விரைவு வண்டி சீறிக்கொண்டு போகும்.

இதற்கு ஒரே உருப்படியான தீர்வு பாதைகளைப் பிரிப்பது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் லோக்கலுக்கு இரண்டு, எக்ஸ்பிரஸ்ஸுக்கு இரண்டு என்று நாலு பாதைகள். தாம்பரம் தாண்டினால் செங்கல்பட்டு வரை வெகுகாலம் இரண்டே பாதைகள்தான் இருந்தன. தென் மாவட்டத்து வண்டிகளும் லோக்கலும் சரக்கு ரயிலும் அந்த இரண்டிலேயே நெருக்கியடித்துக்கொண்டு போயின. மூன்றாவது பாதை அண்மைக்காலத்தில்தான் முழுமையானது. கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கும் மறைமலைநகர்க்காரர்களுக்கும் தாம்பரத்துக்காரர்கள் அளவு வண்டி கிடைக்காமல் இருந்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். சென்னை வண்டலூரைத் தாண்டி எப்போதோ வளர்ந்துவிட்டது, தண்டவாளம்தான் பின்தங்கியது.

பாதையைப் பிரிப்பது சொல்வதற்குச் சுலபம். எழும்பூருக்கும் கடற்கரைக்கும் நடுவே இருப்பது வெறும் 4.3 கி.மீ. அங்கே மூன்று பாதைகள்தான் இருந்தன, நான்காவது வேண்டும். சுற்றிலும் கட்டடம், கூவம், கோட்டை. இடமே இல்லாததால், 2023 ஆகஸ்ட் கடைசியில், அதே தடத்தை ஒட்டிக் கடற்கரைக்குப் போகும் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். வண்டி மறுபடி கடற்கரைக்கு வந்தது 2024 அக்டோபர் கடைசியில். நாலு சொச்சம் கிலோமீட்டருக்குப் பதினான்கு மாதம்! ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு டயர் மாற்றுவதுபோன்ற வேலை அது. அதனால்தான் ஒரு தடத்தைப் புதிதாகப் போடும்போதே, எதிர்காலத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாதைக்கு இடம் விட்டு வைக்க வேண்டும் என்பார்கள் ரயில்வேக்காரர்கள்.

பாதை பிரிந்திருப்பது நேரத்துக்கு மட்டும் அல்ல, உயிருக்கும் முக்கியம். 2018 ஜூலையில் மின்கம்பிக் கோளாறால் ஒரு லோக்கலை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த தடுப்புச் சுவரில் மோதி, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் உயிரிழந்தார்கள்.

பாதைக்கு அடுத்தது சிக்னல். பழைய முறையில் ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னே போன வண்டி அடுத்த ஸ்டேஷனைத் தாண்டினால்தான் பின்னே இருப்பதற்குப் பச்சை விழும். தானியங்கி சிக்னல் அந்த இடைவெளியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிவிடுகிறது. ஒரு துண்டைக் காலி செய்தால் போதும், பின்னால் வருவது அங்கே நுழையலாம். தண்டவாளம் அதேதான், வண்டிகள் அதிகம்.

இதில் கணக்கு எப்படிக் கூடுகிறது என்று பாருங்கள். 12 பெட்டி வண்டி ஒன்றில் உட்கார்ந்தும் நின்றும் ஏறக்குறைய 5000 பேர் போகலாம் என்று கொள்வோம். கால் மணிக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 20,000 பேர். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 30,000. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 60,000. ஒரு அடி தண்டவாளம்கூட நீட்டாமல் கிடைத்த மூன்று மடங்கு. "இத்தனை கிலோமீட்டருக்கு நீட்டிக்கப்படும்" என்று வரும் அறிவிப்புக்கு நாம் கைதட்டுகிறோம். "இடைவெளி பத்திலிருந்து ஐந்து நிமிடமாகக் குறையும்" என்பது செய்தித்தாளில் ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. எனக்கென்னவோ முதல் பக்கத்துக்கு வர வேண்டியது இரண்டாவதுதான்.

பெட்டிகளைக் கூட்டுவதும் ஒரு வழி. ஒன்பது பெட்டி வண்டிகள் பன்னிரண்டு ஆனது அப்படித்தான். ஆனால் பன்னிரண்டு பெட்டி என்றால் வண்டி கால் கிலோமீட்டர் நீளம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிளாட்பாரத்தை அந்த நீளத்துக்கு இழுக்க வேண்டும், கார் ஷெட்டில் நிறுத்த இடம் வேண்டும். அப்புறம் ரயில்வே கேட். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி இரண்டு பக்கமும் ஓடினால் கேட் எப்போது திறக்கும்? ஆக, மேம்பாலமும் சுரங்கப்பாதையும் கட்டாமல் வண்டியைக் கூட்ட முடியாது. ரயிலில் ஒன்றைத் தொட்டால் ஒன்பது ஆடும்.

தண்டவாள அகலமும் அப்படி ஆடிய ஒன்று. கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ், சென்ட்ரல் பக்கம் அகலப்பாதை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் 1979இல் மின்சார லோக்கல் வந்தது, அரக்கோணம் 1982இல். ஒரே நகரம், இரண்டு ரயில் உலகம், ஒன்றின் வண்டி இன்னொன்றில் நுழையாது. தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் வண்டிகள் 2004இல் விடைபெற்ற பிறகுதான் மூன்று கைகளும் ஒரே அகலத்துக்கு வந்தன. பழைய மீட்டர் கேஜ் வண்டியின் குறுகலான பெட்டியில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து போனவர்களுக்கு அதன் ஆட்டம் இன்னும் உடம்பில் இருக்கும்.

இப்போது பறக்கும் ரயில். இடைவெளி, பாதை, சிக்னல் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சேவை தடுமாறலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல், மயிலாப்பூர் வரை 1997இல், திருவான்மியூர் வரை 2004இல், வேளச்சேரி வரை 2007இல் திறந்தார்கள். மொத்தம் 19 கி.மீ. சொச்சத்துக்குப் பன்னிரண்டு வருடம். எக்ஸ்பிரஸ் தொல்லை இல்லாத சொந்தப் பாதை, பெரும்பகுதி தூண்களின் மேல். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

பாதையைப் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போட்டார்கள். வீடு இடிக்க வேண்டாம், நிலம் வாங்க வேண்டாம் என்ற கணக்கு புரிகிறது. (கால்வாய்க்குள் தூண் நட்டதால் கால்வாய் சுருங்கியது வேறு கதை.) ஆனால் கால்வாய் ஓரம் என்பது கடைத்தெரு இல்லை, பஸ் நிற்கும் இடம் இல்லை. ஸ்டேஷன்களோ பிரம்மாண்டமான கான்கிரீட் கூடங்கள். பல மாடி, ஆள் நடமாட்டம் குறைவு, விளக்கும் குறைவு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் தனியாக ஒரு பெண் அந்தப் படிகளில் இறங்கி இருட்டுச் சந்துக்குள் நடக்க வேண்டும் என்றால், வண்டி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்துதான் என்ன? வேளச்சேரியில் இறங்கினால் விஜயநகர் பஸ் நிறுத்தத்துக்கு இன்னொரு நடை. ரயில் பயணம் என்பது வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை. ரயில்வேயின் கணக்கு பிளாட்பாரத்திலிருந்து பிளாட்பாரம் வரை.

அடுத்த கட்டமாக வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கி.மீ. நீட்டிப்பு வேலை 2008இல் ஆரம்பித்தது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கு வழக்கு வந்தது. மற்ற இடமெல்லாம் தூண் ஏறி நிற்க, நடுவில் அந்த அரை கிலோமீட்டர் மட்டும் வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. பரங்கிமலை சாதாரண இடமில்லை. தாம்பரம் தடம், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் சந்திக்க வேண்டிய முடிச்சு அது. முடிச்சுப் போடாத கயிறு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பிரயோஜனம் குறைவு.

கிளாம்பாக்கத்திலும் இதே கதைதான், வேறு உருவத்தில். 2023 டிசம்பர் 30 அன்று தென் மாவட்டப் பேருந்துகளுக்கான முனையம் அங்கே திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தண்டவாளம், அதில் லோக்கல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அப்போது அங்கே நிற்க ஸ்டேஷன் கிடையாது. பொட்டி படுக்கையோடு இறங்கியவர்கள், கண்ணெதிரே போகும் ரயிலில் ஏற வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது.

இதெல்லாம் ஏன் இப்படி என்று கேட்டால், பாதி பதில் நிர்வாகத்தில் இருக்கிறது. பஸ் மாநில அரசுடையது. புறநகர் ரயில் மத்திய அரசின் ரயில்வேயுடையது. மெட்ரோ இரண்டும் சேர்ந்த கம்பெனி. பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு மாநில அரசு மூன்றில் இரண்டு பங்கு பணம் கொடுத்தது, ஆனாலும் ஓட்டுவது ரயில்வே. நாடு முழுக்க எக்ஸ்பிரஸ்ஸும் சரக்கும் ஓட்டுகிற ஒரு துறைக்கு, குறைந்தபட்ச டிக்கெட் ஐந்து ரூபாயான லோக்கல் முதல் கவலையாக இருக்குமா? இருக்காது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது அப்படித்தான். இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் வந்தது. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் என்ற செயலியும் வந்தது. பஸ், மெட்ரோ, லோக்கல் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஓடிய சேவையில், டிக்கெட் ஒன்றாக இவ்வளவு காலம்.

அதே வருடம் ஏப்ரலில் ஏசி லோக்கலும் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஓடத் தொடங்கியது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த வண்டி, தானாக மூடும் கதவு, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். படிக்கட்டில் தொங்க வழியில்லாத வண்டி என்பதே பெரிய விஷயம். சாதா சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் முன்னால் அது வந்து நின்றால், அவர்களைப் பொறுத்தவரை அந்த வண்டி வரவே இல்லை. அடுத்த சாதா வண்டி வரை காத்திருக்க வேண்டும். ஏசி வண்டி கூடுதல் நடையாக வந்தால் லாபம், சாதா வண்டியின் இடத்தில் வந்தால் அவர்களுக்கு இடைவெளி கூடிவிடும்.

இனி, வட்டாரம் முழுவதற்குமான ரயில். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்கு ஒரு பாதை இருக்கிறது. 2019இல் அதையும் சேர்த்து, கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் என்று ஒரு வட்டமே ஓட ஆரம்பித்தது. வரைபடத்தில் பார்த்தால் அழகோ அழகு. ஆனால் செங்கல்பட்டு–அரக்கோணம் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் இது ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால் வண்டிகள் குறைவு. காஞ்சிபுரம் ஸ்டேஷனில் இன்றும் என் அத்தையின் கேள்விதான் செல்லுபடியாகும்: எத்தனை மணிக்கு வண்டி?

டெல்லிப் பக்கம் 2023 அக்டோபரில் நமோ பாரத் என்ற வட்டார ரயில் தொடங்கியது. மணிக்கு 160 கி.மீ. வரை போகும், முழுக்கத் தனிப் பாதை, எக்ஸ்பிரஸ்ஸோடு உறவே இல்லை. அதைப் பார்த்து 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசும் மூன்று தடங்களைச் சொன்னது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வேலூர். மூன்றாவது, கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலம்.

எனக்கு அந்த மூன்றாவதுதான் சுவாரஸ்யம். கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே இரட்டைப் பாதை இப்போதே இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது. தினமும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1931க்கு முந்தைய தாம்பரத்தைவிட எல்லாமே அதிகம். ஆனால் அந்த இரண்டு பாதைகளில் கேரளா போகும் எக்ஸ்பிரஸ்ஸும் சரக்கு ரயிலும் வரிசை கட்டி வருகின்றன. லோக்கல் நுழைய 37 நிமிட ஓட்டை எங்கே கிடைக்கும்? திருப்பூரில் வேலை முடிந்து ஆறரை மணிக்கு வெளியே வருகிறவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் நடக்கிறார்.